செண்பகம் வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே

மங்கையர்க்கரசிக்கு அயர்லாந்து விசா வந்த சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் வாய்க்கால் தெரு நீண்டுபோனது. எப்படி நீண்டது, எதனால் நீண்டது என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நமக்கு அந்த வம்பு வேண்டாம், நீண்டது நீண்டதுதான். முதலில் அதைக் கண்டவள் பால்காரப் பாக்கியம். மங்கை வீட்டில் தொடங்கி, பட்டுக்கோட்டை ரோட்டில் பஸ் ஸ்டாப் வருவதற்குள் ஊற்றி முடித்துவிடுகிற பாலை அன்றைக்கு ஊற்றி முடிக்க முடியாமல், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் புதிதாக வந்திருந்த செம்மண் வெளியில் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து கால் ஓய்ந்துபோய், "எவடி இந்தத் தெருவப் புடிச்சு இழுத்துவிட்டது?" என்று சத்தம் போட்டாள். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், நீண்டுதான் இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார்கள்.

மங்கையின் வீடு தெருவின் உள்கோடியில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. அவள் பட்டுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் நீலமேகத்துக்குத் தென்னந்தோப்பு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் காய்ப்பு மரம் அத்தனையும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து, விடிந்து போய்ப் பார்த்தபோது தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. புதுக் கன்று வைக்கக் கடன், கன்றுக்குத் தண்ணீர் இறைக்கக் கடன், கன்று பிழைக்காமல் போனதால் வயிற்றுக்குக் கடன், முதலில் வாங்கியதற்கு வட்டி கட்ட வேறு இடத்தில் கடன் என்று குடும்பம் கழுத்துவரைக்கும் இறங்கியபோது, மங்கை ஒரு முடிவுக்கு வந்து, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து படித்து இங்கிலீஷ் பரீட்சை எழுதினாள். ஒரு தடவை கோட்டை விட்டாள், அழுதாள், மறுபடி எழுதினாள். அயர்லாந்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் வேலை கிடைத்தது. புருஷனையும் மகள் இதழினியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டே வரலாம் என்றார்கள், ஆனால் ஆவணி முதல் வாரத்துக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் வேறொருத்திக்கு.

அங்கே போய்ச் சம்பாதித்து, மாசாமாசம் அனுப்பி, கடனை ஒவ்வொன்றாய் அடைப்பது என்பது மங்கையின் திட்டம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரு மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

விஷயத்தை விளங்கவைத்தவர் உரக்கடை காசிநாதன். தெருவில் பெரிய கடன் அவரிடம்தான். "கடன் வாங்குனவன் உள்ளூர்ல இருக்கிறவரைக்கும் அது பேசாம படுத்துக் கெடக்கும்மா. பெட்டியக் கட்டுனா எந்திரிச்சு வெளிய வந்துரும்," என்று யூரியா விலை சொல்கிற அதே குரலில் சொன்னார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மங்கையும் நீலமேகமும் யார் யாரிடம் வாங்கியிருந்தார்களோ அந்தந்த வீட்டு வாசலைத் தாண்டியதும், அடுத்த வீடு வருவதற்கு முன்னால், வாங்கிய அளவுக்கு நிலம் வந்து விழுந்து கிடந்தது. பாக்கியத்திடம் பால் பாக்கி மட்டும்தான், ஒரு கட்டில் போடுகிற இடம். காசிநாதன் வாசலைத் தாண்டினால் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம்.

முதலில் எல்லோரும் திட்டினார்கள். தண்ணீர் வண்டிக்காரன் இவ்வளவு தூரம் வர முடியாது என்றான், தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடிதத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தனுப்பினார். ஆனால் சும்மா கிடக்கிற இடத்தை எத்தனை நாள்தான் திட்டிக்கொண்டிருக்க முடியும்? தேங்காய் உடைக்கிறவர்கள் கொப்பரையைக் கொண்டுவந்து காயப்போட்டார்கள், பையன்கள் ஸ்டம்பு நட்டார்கள், அல்லிமுத்து தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நடுவாந்திரத்தில் நிறுத்தி, நடந்து களைத்து வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தான், வியாபாரம் சக்கைப்போடு போட்டது. பஞ்சாயத்து கிளார்க் டேப்போடு வந்து அளந்து பார்த்து, இது பட்டாவா புறம்போக்கா என்று மண்டையைச் சொறிய, "எழுதிக்கங்க சார், மங்கை புறம்போக்கு," என்று பாக்கியம் சொன்னாள், தெருவே சிரித்தது. மாதம் பிறந்தால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் காசிநாதன் வாசலில் நிலம் ஏறும். அவர் போடுகிற வட்டி இன்னதென்று ஊரே கண்ணால் பார்த்துவிட்டதில் மனுஷனுக்கு வெட்கமாகிப்போய், யாரும் கேட்காமலே வட்டியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, சுகருக்கு நல்லது என்று காலையில் அதே இடத்தில் வாக்கிங் போக ஆரம்பித்தார்.

மங்கைக்குத்தான் தலை நிமிர முடியவில்லை. கடன் இருப்பது ஒன்று, கடன் தெருவில் விரித்துப் போட்டுக் கிடப்பது இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒவ்வொரு வாசலாய்த் தாண்டி, தான் வாங்கியதன்மேல் தானே நடந்துபோக வேண்டியிருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவே அவளுக்குக் கூடுதலாய்ச் சுட்டது.

அப்படிப் போகிறபோதுதான் கவனித்தாள். தெருவின் தலைமாட்டில், ரோட்டுக்கு முன்னால் கடைசி வீடு, தையல்காரி செண்பகத்தினுடையது. அந்த வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் கிடந்த நிலம், காசிநாதன் நிலத்தைவிட நீளம். செண்பகத்திடம் மங்கை ஒரு ரூபாய் வாங்கியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், பிரசவத்துக்குத் தாய்வீட்டில் ஆளில்லை என்று ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள், அக்கா அக்கா என்று இவள் வாய் நிறையக் கூப்பிடுகிறவள். ஆனால் காசு, அது மட்டும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நீலமேகத்தைப் பிடித்தாள்.

"செண்பகம் அக்காகிட்ட என்னங்க வாங்குனீங்க?"

அவன் கன்றுக்குட்டிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். கரைத்துக்கொண்டே இருந்தான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"பரீட்சைக்கு ரெண்டு தடவ பணம் கட்டுனோம்ல. ஏஜென்சிக்குக் கட்டுனோம்ல."

"அது தோப்பு மோட்டார வித்த காசுன்னு சொன்னீங்க."

"மோட்டார் புயல்லயே போயிருச்சு மங்கை."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டில் ஓடுகிற புது மிஷின் ரெண்டு வாங்கிப் போட்டு, நாலு பெண்களை வைத்துத் தைக்க வேண்டும் என்று செண்பகம் வருஷக்கணக்காய்ச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. "நானா கேக்கல. அதுவா வந்து குடுத்துச்சு. ஒன்கிட்ட சொன்னா நீ வாங்க மாட்டேன்னு, சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிருச்சு," என்றான் நீலமேகம். மங்கைக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ரெண்டையும் சேர்த்தே விட்டாள். கன்றுக்குட்டி பயந்து நகர்ந்து நின்றது.

அன்றைக்கே முடிவு செய்தார்கள். எல்லாக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது. எப்படி அடைப்பது? அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: மொய் விருந்து வை. ஆடி மாதம் வந்தால் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, கறிச்சோறு ஆக்கி ஊரைக் கூப்பிடுவது. சாப்பிட்டவர்கள் மொய் வைப்பார்கள், ஏற்கெனவே நம் வீட்டுக்காரர்கள் வைத்திருந்ததைத் திருப்புகிறவர்கள் திருப்புவார்கள், புதிதாக வைக்கிறவர்கள் வைப்பார்கள். ஒரே பொழுதில் கைநிறையப் பணம், பேங்கு வேண்டாம், ஜாமீன் வேண்டாம், வட்டியும் வேண்டாம். யாரும் அதைக் கடன் என்று சொல்ல மாட்டார்கள்.

விருந்து அமோகமாக நடந்தது. பந்தலை எங்கே போடுவது என்ற கவலையே இல்லை, காசிநாதன் வாசல் தாண்டிப் போட்டார்கள், இவர்கள் கடனின் மேலேயே இவர்கள் பந்தல். ஏழெட்டுக் கிடா, அண்டா அண்டாவாய்ச் சோறு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் நீலமேகத்தின் அப்பா வைத்த பழைய மொய்யையெல்லாம் திருப்பினார்கள், தெருக்காரர்கள் வாய்க்கால் தெருவின் மானம் என்று சொல்லிப் புது மொய்யாய் அள்ளி வைத்தார்கள். எல்லோருக்கும் மேலே ஒரு தொகையைச் செண்பகம் வைத்தாள். "ஏற்கெனவே குடுத்ததே தாங்கலயேக்கா," என்று மங்கை கையைப் பிடித்தால், "அது வேற, இது வேற. கறி இன்னும் ரெண்டு துண்டு போடு," என்று இலையைத் தட்டிக் காட்டினாள்.

சாயங்காலமே நீலமேகம் வீடு வீடாய்ப் போய் அசலும் வட்டியும் அடைத்தான். அடைக்க அடைக்க நிலம் உள்ளே போனது. கொப்பரை காயப்போட்டவர்கள் அலறியடித்து அள்ளினார்கள், அல்லிமுத்துவின் வண்டி ரெண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவன் பாய்லரோடு கத்தினான். செண்பகம் மட்டும் பணத்தை வாங்கவில்லை. இப்ப என்ன அவசரம், கை எண்ணெயா இருக்கு, மிஷின்ல துணி இருக்கு என்று என்னென்னவோ சொல்லி அனுப்பிவிட்டாள். இருந்தாலும் என்ன, அவள் வாசல் ஒன்றுதானே, நடந்துவிடலாம் என்று மங்கை ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாய்த் தூங்கினாள்.

விடிந்து பார்த்தால் தெரு முன்னைவிட நீளம். கடன் கொடுத்த வீடு, கொடுக்காத வீடு என்று பேதமில்லாமல் மொய் வைத்த அத்தனை வாசலிலும் நிலம் விழுந்து கிடந்தது. நாம் எந்தப் பெயர் வைத்துக் கூப்பிட்டால் என்ன, திருப்பித் தர வேண்டியதைத் தெரு சரியாகத் தெரிந்துவைத்திருந்தது. "அடப்பாவமே, மொய்யும் கணக்குல வருமா?" என்று காசிநாதன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அல்லிமுத்து மட்டும் வாயெல்லாம் பல்லாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

மங்கை பெட்டிகளோடு ஒரு வாடகைக் காரை வரவழைத்து ஒத்திகை பார்த்தாள். சும்மா வேலைக்குப் போனால் தெரு வெறுமனே நீளம். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அதற்கு முடிவே இல்லை. டிரைவர் ஓட்டினார், ஓட்டினார், பாக்கியம் வாசலைத் தாண்டியாயிற்று, காசிநாதன் வீடு அதோ தெரிகிறது, வரத்தான் மாட்டேன் என்கிறது. டீசல் தீர்ந்து வண்டி நின்றது. "என்னங்கம்மா, இது சென்னைக்கே போயிருக்கலாமே," என்று அவர் நொந்துகொண்டார்.

தெரு கூடிப் பேசியது. இவர்கள் போகக் கூடாது என்று நினைத்தவர் ஒருவருமில்லை. "நான் வச்ச மொய்ய வேண்டாம்னு சொல்லிர்றேன், போதுமா?" என்று பாக்கியம் ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் மங்கை அவள் வாயைப் பொத்தினாள். அந்த ஊரில் மொய்யைத் திருப்ப வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால், இனிமேல் உனக்கும் எனக்கும் போக்குவரத்து இல்லை என்று அர்த்தம்; சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகள்தான் அப்படிச் சொல்வார்கள். "தெரு நீளமாவே இருக்கட்டுங்க்கா. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க," என்றாள் மங்கை. அப்படி ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போய் எந்த ஊரில் எந்த முகத்தோடு இருப்பது? பாக்கியமும் கண் கலங்கி, சரிடி சொல்லல, விடு என்றாள். சரி, அதற்கு வழி என்ன? ஒன்றும் தெரியவில்லை. ஆடி முடிந்துகொண்டிருந்தது. நீலமேகம் பேச்சு குறைந்துபோய்க் கன்றுக்குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நீ மட்டுமாவது போக முடிகிறதா பார் என்று ஒரு தடவை சொன்னான், அவள் முறைத்த முறைப்பில் அதற்கப்புறம் சொல்லவில்லை.

வழி தானாக வந்தது, அதுவும் பாக்கியத்தின் வாய் வழியாக. பெட்டியில் ஒன்றைத் தையல் பிரிந்துவிட்டதென்று கடையில் மாற்றக் கொண்டுபோன மங்கையோடு, காலிக் கேனை ஆட்டிக்கொண்டு பாக்கியம் சேர்ந்து நடந்தாள். மருமகள் வைத்த ரசத்தில் தொடங்கி, அவளுடைய அம்மா வந்து தங்கிப் போனது, போகும்போது எவர்சில்வர் தூக்கைத் தூக்கிக்கொண்டு போனது என்று பேசிக்கொண்டே போகையில், "அந்தத் தூக்கு என் தம்பி பொண்டாட்டி..." என்று அவள் வாயெடுத்தபோது பாக்கியத்தின் நிலம் முடிந்து காசிநாதன் வாசல் வந்திருந்தது. கையில் பெட்டி, கார் தோற்றுப்போன அதே இடம். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு காசிநாதனைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, பொட்டாஷ் தட்டுப்பாட்டைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே கூட நடந்தார். அவர் நிலமும் முடிந்துபோனது. கொடுத்தவர் கூட நடந்தால் தூரம் தெரியவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

கிளம்புகிற நாளில் கார் ரோட்டிலேயே பஸ் ஸ்டாப்பில் நின்றது. தெரு மொத்தமும் குளித்துத் தலைசீவி வாசலில் தயாராக இருந்தது. ஒரு வீட்டுக்காரர் பெட்டியை வாங்கித் தன் நிலம் முடிகிறவரை தூக்கிக்கொண்டு வந்து அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுத்தார், அவர் அடுத்தவருக்கு. பேச்சும் பெட்டியும் கைமாறிக் கைமாறிப் போயின, ஊறுகாய் வச்சிட்டியா, சளி பிடிச்சா கஷாயப் பொடி இருக்கா, அங்க கோயில் இருக்கா, இல்லாட்டிப் போவுது காலண்டரையாவது மாட்டு. கன்றுக்குட்டியைப் பாக்கியம் பிடித்துக்கொண்டாள். அல்லிமுத்து இதழினி கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட் திணித்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றான். மங்கை பதறிப்போய்க் காசைக் கொடுத்தாள், இதற்கு வேறு ஒரு சாண் நீண்டு வைக்கப் போகிறதே என்று.

இப்படியே சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் வந்து சேர்ந்தால், செண்பகம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் அத்தனை பெரிய நிலம், அதற்கு அந்தப் பக்கம் சுண்டு விரல் உயரத்துக்குக் கார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். இதற்குமேல் அவர்கள் நிலம் இல்லை. மங்கை மட்டும் படியேறிக் கதவைத் தள்ளினாள்.

"அக்கா, வாங்கக்கா. நேரமாச்சு."

மிஷின் நின்றது. மறுபடி ஓடியது. செண்பகம் திரும்பவில்லை.

"நான் வந்தா நீ போயிருவ."

"போகத்தானக்கா கெளம்பியிருக்கேன்."

"தெரியுது."

 செண்பகம் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள், "என்னக் கட்டுனவன் மலேசியாவுக்குப் போனப்ப ஒருத்தருக்கும் ஒத்தக் காசு பாக்கி இல்ல மங்கை. எல்லாக் கணக்கையும் முடிச்சு, எனக்கு ரெண்டு சேலையும் எடுத்துக் குடுத்துட்டு, கைய வீசிக்கிட்டுப் போனான். தெரு ஒரு சாண் நீளல. சட்டுன்னு ரோடு வந்துச்சு, சட்டுன்னு பஸ்சும் வந்துருச்சு. கௌரவமாப் போறான் பாருன்னு ஊரே சொல்லுச்சு. திரும்பி வர்றதுக்கு அவனுக்கு இங்க என்ன வேலை இருந்துச்சு, சொல்லு?"

மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது, விருந்து முடிந்த சாயங்காலம் இவள் கை எண்ணெயாக இருக்கிறது என்று ஏன் சொன்னாள் என்பது. பணத்தையெல்லாம் அடைத்து, நிலத்தையெல்லாம் மடக்கி, யாருக்கும் எதுவும் இல்லை என்று நிமிர்ந்து போக வேண்டும் என்று இத்தனை நாள் கிடந்து தவித்தவள், மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து செண்பகத்தின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, ஊருக்கெல்லாம் அங்கருந்தே அனுப்பிருவேன். உங்க காச அனுப்ப மாட்டேன். நீங்க அழுது கேட்டாலும் அனுப்ப மாட்டேன். நேர்ல கொண்டாந்துதான் தருவேன்."

"வட்டி போடுவேன்டி."

"போடுங்க."

செண்பகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். மிஷினிலிருந்து எடுத்தது ஒரு ஜாக்கெட், முழுக்கை வைத்து, உள்ளே கனத்த ஃபிளானல் கொடுத்துத் தைத்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்து வெயிலில் யாரும் கேட்டிராத ஜாக்கெட். "குளிருமாம்ல," என்று அதை மங்கையின் தோளில் போட்டாள்.

ரெண்டு பேரும் இறங்கி நடந்தார்கள், நீலமேகமும் இதழினியும் பின்னால். கை இறுக்கமாக இருந்தால் பிரித்துக்கொள், உள்ளே துணி விட்டிருக்கிறேன் என்று செண்பகம் சொன்னாள், அவ்வளவுதான் சொல்லியிருப்பாள், காசிநாதன் நிலத்தைவிடப் பெரிய அந்த நிலம் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது, காரின் நம்பர் பிளேட்கூடப் படிக்க முடிந்தது. சித்திரையிலிருந்து இந்தத் தெரு சுருங்காதா சுருங்காதா என்று மங்கை வேண்டாத தெய்வமில்லை. இப்போது செண்பகத்தின் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா நடங்களேன்க்கா."

மெதுவாகத்தான் நடந்தார்கள். ஆனாலும் ரோடு வந்துவிட்டது.

அதற்கப்புறம் வருஷங்கள் போயின. வாய்க்கால் தெருவில் ஒவ்வொருவராய் விருந்து வைத்தார்கள், காதுகுத்து வைத்தார்கள், கல்யாணம் வைத்தார்கள், அயர்லாந்திலிருந்து நீலமேகம் போனிலேயே மொய்யைத் திருப்பினான், திருப்பத் திருப்ப ஒவ்வொரு வாசலிலும் நிலம் உள்ளே போனது. அல்லிமுத்து வண்டியை ஒவ்வொரு வீடாய்த் தள்ளிக்கொண்டு வந்து, கடைசியில் செண்பகம் வாசலில் நிரந்தரமாய் நிறுத்திக்கொண்டான். செண்பகம் மட்டும் விருந்தே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மங்கை, இல்லத்து வேலை முடிந்து, அந்த ஃபிளானல் ஜாக்கெட்டோடு அடுப்படியில் நின்றுகொண்டு போன் போடுவாள். கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"தெரு எப்படிக்கா இருக்கு?"

"எல்லா எடமும் சுருங்கிப் போச்சுடி. என் வாசல்ல மட்டும் அப்படியே கெடக்கு, ஒரு அடி கொறையல. நேத்து பஞ்சாயத்துல தார் போட வந்தானுங்க. ஏம்மா, இந்த நடுவுல இருக்கிற எடம் என்ன கணக்குன்னு கேட்டானுங்க."

"என்ன சொன்னீங்க?"

"இதென்னடா கேள்வி, ஆள் வர்ற வழி, நல்லாப் போடுங்கடான்னு சொன்னேன்."